திரும்பி வராத ஆயிரம் ரூபாய்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிற வண்டிகள் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம் பர்லியார். கல்லாற்றின் பாக்குத் தோப்புகள் பின்தங்கிவிடும். சமவெளியின் வெக்கை போயிருக்கும். குன்னூரின் குளிர் இன்னும் வந்திருக்காது. குன்னூர் இருக்கிற உயரத்தில் பாதிகூட இல்லாத ஊர் இது. இந்த இரண்டுங்கெட்டான் சீதோஷ்ணமே பர்லியாரின் அதிர்ஷ்டம். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று கடல் கடந்த தேசத்து மரங்களெல்லாம் இங்கே வேர்விட்டு நிற்கின்றன. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த தாமஸ் என்ற வெள்ளைக்காரர் போட்ட பழத்தோட்டத்தை 1871-ல் சர்க்கார் வாங்கிக்கொண்டது. இன்றும் அது அரசாங்கப் பழப்பண்ணையாக இருந்து வருகிறது.

பழக்காலம் வந்துவிட்டால் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் கூடை கூடையாகக் குவிந்திருக்கும். கடைக்காரருக்கும் குரங்குகளுக்கும் காலையிலிருந்து மாலை வரை ஓயாத யுத்தம். பலா பழுக்கிற மாதங்களில் வாசனை பிடித்து யானைகளும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இவ்வளவு அமர்க்களத்துக்கும் நடுவே, டீக்கடை ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். வருகிறவர்களில் இளவட்டங்கள்தான் அதிகம். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், தலை நரைத்த ஜோடிகளும் உண்டு.

அவர் இறங்கியதும் முதலில் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். அம்மாள் இறங்கியதும் முதலில் பையைத் திறந்து டிபன் பாத்திரத்தை எடுப்பாள். உத்தியோகம் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்து, வீட்டில் இரண்டே பேர் என்று ஆனபிறகு கிளம்பிய சவாரி அது. "ஏனுங்க, மெதுவாத்தான் போங்களேன். ஆபீசுக்கு நேரமாச்சுன்னு இனிமே யாரு கேக்கப் போறாங்க?" என்று அம்மாள் சொல்லும் குரலில் கண்டிப்பும் இருக்கும், பல வருஷம் காத்திருந்த ஒரு சந்தோஷமும் இருக்கும்.

இந்த மலைச்சாலை எத்தனையோ ஓய்வு பெற்ற தம்பதிகளைக் கண்டிருக்கிறது. அவர்களில் ஒரு ஜோடியின் கதையில் யுத்தமும் உண்டு, ஒரு மோட்டார் சைக்கிளும் உண்டு, வசூலாகாத ஒரு கடனும் உண்டு. பர்லியாருக்கு மேலே, குன்னூரில் இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்திய அந்தத் தம்பதி பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவும் அவருடைய மனைவி ஸ்ரீமதி சில்லுவும்.

சிவப்பு ஜேம்ஸ்

மானெக்‌ஷா 1914 ஏப்ரல் 3-ல் அமிர்தசரஸில் பிறந்த பார்சி. தகப்பனார் டாக்டர். டேராடூன் ராணுவக் கல்லூரி 1932-ல் திறந்தபோது சேர்ந்த முதல் கோஷ்டியில் இவரும் ஒருவர். 1937-ல் லாகூரில் ஒரு விருந்தில் சில்லு போடே என்ற பம்பாய்ப் பெண்ணைச் சந்தித்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தவர்; ஜே. ஜே. கலைப்பள்ளியில் சித்திரம் பயின்றவர். 1939 ஏப்ரல் 22-ல் கல்யாணம் நடந்தது.

1947-ல் மானெக்‌ஷா டெல்லியில் ராணுவத் தலைமைக் காரியாலயத்தில் வேலை பார்த்தார். அதே இடத்தில் யாஹ்யா கான் என்ற அதிகாரியும் இருந்தார். மானெக்‌ஷாவிடம் சிவப்பு நிறத்தில் ஒரு ஜேம்ஸ் மோட்டார் சைக்கிள் இருந்தது. யாஹ்யாவுக்கு அந்த வண்டியின்மேல் ஒரு கண். தேசம் இரண்டாகப் பிரிந்தது; யாஹ்யா பாகிஸ்தானுக்குப் போகவேண்டியவர். போகிற சமயத்தில் அந்த வண்டியை ஆயிரம் ரூபாய்க்கு விலை பேசினார். பணத்தை அங்கே போய் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வண்டியோடு போனார்.

வண்டி போயிற்று, பணம் வரவில்லை.

இருபத்துநாலு வருஷம் சென்றது. 1971 டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. இந்த பக்கம் ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா. அந்த பக்கம் நாட்டின் தலைவரே யாஹ்யா கான். டிசம்பர் 3-ல் மூண்ட போர் 16-ல் டாக்காவில் சரணாகதியோடு முடிந்தது. சுமார் 93,000 பேர் கைதியானார்கள். வங்காளதேசம் பிறந்தது. மோட்டார் சைக்கிளுக்கு யாஹ்யா ஆயிரம் ரூபாய் தரவில்லை, இப்போது பாதி தேசத்தையே கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று மானெக்‌ஷா வேடிக்கையாகச் சொன்னது ஊர் உலகமெல்லாம் பரவிற்று.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு முடிவு இருக்கிறது. அது அவ்வளவாகப் பரவவில்லை. கராச்சியில் 'டான்' பத்திரிகையில் எழுதிவந்த அர்தேஷிர் கவாஸ்ஜியும் ஒரு பார்சி. பல வருஷங்கள் கழித்து மானெக்‌ஷாவைச் சந்தித்தபோது, யாஹ்யா வைத்துவிட்டுப் போன கடனைத் தானே வட்டியும் முதலுமாகத் தந்துவிடுவதாகச் சொன்னார். மானெக்‌ஷா வாங்கிக்கொள்ளவில்லை. யாஹ்யா நல்ல மனிதர், நல்ல சிப்பாய், அவர் தரப்பை யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று பழைய சிநேகிதருக்காகப் பரிந்து பேசினார்.

யாஹ்யாவும் ஓய்வு பெற்றவர்தான். தோல்விக்குப் பிறகு பதவியிழந்து, வீட்டுக் காவலில் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்து, 1980-ல் காலமானார். ஒரே காரியாலயத்தில் வேலை பார்த்த இரண்டு பேர். ஒருவருடைய வாசலில் காவல், மற்றவருடைய வாசலில் பூந்தோட்டம். அந்த வித்தியாசத்தை அறிந்தவர் ஆயிரம் ரூபாயைக் கணக்கில் வைப்பாரா?

குற்றம் சாட்டிய மலை

மானெக்‌ஷா தம்பதி ஓய்வுக்காலத்துக்குக் குன்னூரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு விசேஷம் உண்டு. குளிர்ச்சிக்காகவும் அழகுக்காகவும் மட்டும் வந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. இந்த மலை அவரைச் சோதித்த மலை.

குன்னூருக்கு அடுத்த வெலிங்டனில் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பிரிவினைக்கு முன்னால் குவெட்டாவில் இருந்தது. 1947-ல் இங்கே வந்தது. 1959-ல் அதற்குத் தலைவராக வந்தவர் மானெக்‌ஷா. மனதில் பட்டதை மறைக்காமல் பேசுகிற சுபாவம். மேலிடத்தில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. தேசத்துக்கு விசுவாசமற்றவர் என்ற பழி கிளம்பி, விசாரணை வைத்தார்கள். லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங் தலைமையில் நடந்த விசாரணையில் குற்றம் எதுவும் இல்லை என்று முடிவாயிற்று.

அந்த நாட்களில் அந்த வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்பதை உத்தியோகத்தில் அடிபட்ட குடும்பங்கள் நன்றாக அறியும். பத்திரிகையைப் பிரிக்கப் பயம், தபால்காரரைக் கண்டால் பயம். வெளியே மிடுக்காக நடக்கிற புருஷன் வீட்டுக்குள் வந்து நாற்காலியில் சாய்கிறபோது, அந்த முகத்தைப் பார்க்கிறவள் மனைவி ஒருத்திதான்.

பழி நீங்கியதும் அழைப்பு வந்தது. 1962-ல் சீனர்கள் வடகிழக்கில் புகுந்து நம் படை பின்வாங்கிய வேளையில், அங்கே நான்காவது கோரின் பொறுப்பை ஏற்கச் சொன்னார்கள். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது என்பதே அவர் சிப்பாய்களுக்குச் சொன்ன முதல் வார்த்தை. 1969 ஜூன் 8-ல் ராணுவத் தலைமைத் தளபதி. 1973 ஜனவரியில் இந்தியாவின் முதல் பீல்டு மார்ஷல். அதே மாதம் 15-ஆம் தேதி ஓய்வு. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

டெல்லியிலேயே தங்கியிருக்கலாம். பம்பாய்க்கும் போயிருக்கலாம். அவமானப்பட்ட ஊருக்குத் திரும்பிப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்? இவர்கள் வந்தார்கள்.

வீட்டுக்குப் பெயர் 'ஸ்டாவ்கா'

குன்னூர் வீட்டுக்கு 'ஸ்டாவ்கா' என்று பெயர். ரஷ்யாவில் படைகளின் தலைமைக் கேந்திரத்தைக் குறிக்கிற வார்த்தை அது. தலைமைத் தளபதி யார் என்று அந்த வீட்டில் கேட்டிருந்தால், பல வீடுகளில் கிடைக்கிற பதில்தான் கிடைத்திருக்கும்.

ஓய்வு பெற்ற மனிதர்களில் இரண்டு ஜாதி உண்டு. நாற்காலி போனதோடு தானும் போய்விட்டதாக எண்ணி, வாசலில் யாராவது சலாம் போடமாட்டார்களா என்று காத்திருப்பவர் ஒரு ஜாதி. நாற்காலியை விட்டு எழுந்ததும் கால் நீட்டி நடக்கலாம் என்று சந்தோஷப்படுகிறவர் மற்றொரு ஜாதி. மானெக்‌ஷா இரண்டாவது ஜாதி. செடிகொடி என்றால் அவருக்கு உயிர். சில்லு அம்மையாருக்குத் தூரிகை துணை. உடை விஷயத்தில் மட்டும் பழைய மிடுக்கு குறையவில்லை. சில கம்பெனிகளில் டைரக்டர் பதவி இருந்தபடியால் வெளியூர்ப் பிரயாணமும் உண்டு. கொஞ்சம் பழகியவர்களை எல்லாம் 'ஸ்வீட்டி' என்று கூப்பிடுவார். பிரதம மந்திரி இந்திரா காந்தியிடமே அப்படிப் பேசியவர் அல்லவா?

அவருடைய குறட்டைச் சத்தம் தாங்காமல் தம்பதிக்குத் தனித்தனிப் படுக்கையறை என்ற செய்தியை அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. மனைவி குறை சொன்னபோது, வேறெந்தப் பெண்ணும் இதுவரை குறை சொன்னதில்லையே என்று பதில் கொடுத்தாராம்! அம்மையார் முன்னிலையிலேயே அதைச் சொல்லக்கூடிய உறவு அது.

பழைய சிநேகிதர்கள்

மலைக்கு வந்தும் ராணுவம் அவரை விடவில்லை. பயிற்சிக் கல்லூரிக்கு வருஷந்தோறும் புதுப்புது அதிகாரிகள் வருவார்கள். அவர்களுக்கு மானெக்‌ஷா ஓர் அண்டை வீட்டுக்காரர். தலைமைப் பண்பு பற்றி அவர் அங்கே ஆற்றிய சொற்பொழிவை இன்றும் சொல்கிறார்கள். எதற்கெடுத்தாலும் 'சரி ஐயா' என்று தலையாட்டுகிறவன் அபாயமானவன் என்பது அதன் சாரம். 1971 ஏப்ரலில், உடனே படையெடுக்கவேண்டும் என்ற பேச்சு மந்திரிசபையில் எழுந்தபோது, இப்போது போனால் தோற்போம், அவகாசம் வேண்டும் என்று மறுத்துச் சொன்னவர் அவர். சொல்வதற்கு அவருக்கு அருகதை இருந்தது.

வெலிங்டனில்தான் மதராஸ் ரெஜிமென்டின் கேந்திரமும் இருக்கிறது. 1758-ல் தோன்றிய படை அது. 'வீர மதராசி, அடி கொல், அடி கொல்' என்ற கோஷத்தை இந்த மலைகள் எத்தனையோ தடவை எதிரொலித்திருக்கின்றன. ஓய்வு பெற்ற சிப்பாய்கள் மனைவிமார்களுடன் வந்து கூடுகிற விழாக்கள் இங்கே நடக்கும். மெடல்களைத் துடைத்துக் குத்திக்கொண்டு, ஒரே பங்கரில் படுத்த சிநேகிதனைத் தேடி வருவார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. புல்லட்டுக்கும் ராணுவத்துக்கும் உள்ள உறவு பழையது. எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 1950-களில் புல்லட்டுகளை வாங்கியது. அந்தத் தேவையை ஒட்டித்தான் 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி பிறந்தது.

மானெக்‌ஷாவின் சொந்தக் கதையில் இந்த மறுகூடல் விஷயம் சற்று வேதனையானது. அவர் இளமையில் சேர்ந்து ரத்தம் சிந்திய படை பன்னிரண்டாவது பிராண்டியர் போர்ஸ். 1942 பிப்ரவரி 22-ல் பர்மாவில் சிட்டாங் ஆற்றருகே வயிற்றில் குண்டுகள் பாய்ந்து விழுந்தது அந்தப் படையில்தான். பிழைக்கமாட்டார் என்று எண்ணி, தளபதி கோவன் தம் மார்பிலிருந்த வீரப்பதக்க ரிப்பனைக் கழற்றி அவருக்குக் குத்தினார். சேர் சிங் என்ற சேவகர் அவரை டாக்டரிடம் கொண்டு சேர்த்து உயிரைக் காத்தார். 1947-ல் அந்த ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் பங்காகப் போய்விட்டது. மோட்டார் சைக்கிள் மட்டுமா எல்லை தாண்டிப் போயிற்று?

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் கூர்க்காக்கள். 1969-ல் எட்டாவது கூர்க்கா ரைபிள்ஸில் ஒரு சிப்பாயிடம், "உன் தலைவர் பெயர் என்ன?" என்று கேட்டார். "சாம் பகதூர்!" என்று பதில் வந்தது. அன்று முதல் அதுவே பெயராயிற்று. 2023-ல் ஹிந்தியில் எடுத்த படத்துக்கும் அதே பெயர்தான்.

மூன்று கடன்கள்

யாஹ்யா பட்ட கடன் ஒன்று. அதை மானெக்‌ஷா மன்னித்துவிட்டார். சர்க்கார் பட்ட கடன் இன்னொன்று. பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு என்பதே கிடையாது. சாகும்வரை பதவி உண்டு, அதற்குரிய சம்பளமும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு வருஷக்கணக்காகத் தீராமல் கிடந்தது. ஜனாதிபதி அப்துல் கலாம் 2007-ல் வெலிங்டன் ஆஸ்பத்திரியில் அவரை வந்து பார்த்தார். அந்த ஆண்டில் நிலுவைத் தொகையாக ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்று முப்பத்துநாலு வருஷம் ஆகியிருந்தது. தொண்ணூற்று மூன்று வயதுக் கிழவருக்கு ஒரு கோடி! பகிர்ந்துகொள்ள வேண்டிய துணைவி 2001-லேயே போய்விட்டார்.

மூன்றாவது கடன்தான் பெரிது. அது மானெக்‌ஷா பட்ட கடன். 1939-ல் கைப்பிடித்த நாள் தொட்டு 1973-ல் ஓய்வு பெறும்வரை, அதுவும் முப்பத்துநாலு வருஷம். புருஷன் பர்மாவில் குண்டடிபட்டுக் கிடந்தபோது மூத்த பெண் இரண்டு வயதுக் குழந்தை. பிறகு காஷ்மீர், அஸ்ஸாம், கல்கத்தா என்று மாற்றலுக்கு மேல் மாற்றல். சிப்பாயின் மனைவிக்குச் சர்க்கார் மெடல் கொடுப்பதில்லை. காத்திருப்பதுதான் அவளுடைய யுத்தம். அந்தக் கடனை ரூபாயில் தீர்க்க முடியாது, நாட்களால்தான் தீர்க்கவேண்டும். குன்னூரில் இருபத்தெட்டு வருஷம், காலையும் மாலையும், ஒரே வீட்டில், ஒரே தோட்டத்தில். அந்தக் கடனை அவர் ஏறக்குறைய அடைத்துவிட்டார் என்று சொல்லலாம்.

கடைசிப் பிரயாணம்

2008 ஜூன் 27-ல், தொண்ணூற்று நாலாவது வயதில், வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் மானெக்‌ஷா காலமானார். அன்றே உதகமண்டலத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம். பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு மந்திரியும் வரவில்லை. ராஜாங்க மந்திரி பல்லம் ராஜு வந்தார். போரில் வென்று கொடுத்த மனிதருக்குத் தேசம் செலுத்தவேண்டிய கடைசி மரியாதை இவ்வளவுதானா என்று பத்திரிகைகள் கேட்டன. இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உதகையின் பார்சி மயானத்தில், சில்லு அம்மையாரின் சமாதிக்குப் பக்கத்தில். எத்தனை பெரிய மனிதர்கள் வந்திருந்தாலும் அந்த இடத்துக்கு ஈடாகுமா? 2009-ல் ஊட்டி–குன்னூர்ச் சாலையில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அருகே சிலையும் நிற்கிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் அதைக் கடந்துதான் ஊட்டிக்குப் போகிறார்கள்.

மீண்டும் பர்லியாரில்

பர்லியாரில் டீ குடித்துவிட்டுக் கிளம்புகிற அந்த நரைத்த தம்பதி பீல்டு மார்ஷலும் அல்ல, பணக்காரர்களும் அல்ல. அவர் மில்லில் வேலை பார்த்திருக்கலாம்; மின்சார வாரியத்திலோ, அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ இருந்திருக்கலாம். ராத்திரி ஷிப்டு, ஓவர்டைம், மேலதிகாரியின் கோபம் என்று முப்பது வருஷம் ஓடியிருக்கும். 'அடுத்த லீவில் ஊட்டிக்குப் போகலாம்' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருப்பார்கள். அந்த லீவுதான் இப்போது வந்திருக்கிறது.

பாதை சாமானியமானதல்ல. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். 2023 செப்டம்பர் 30-ல் மரப்பாலத்தருகே சுற்றுலாப் பேருந்து உருண்டு 9 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தவர்கள் மறக்கவில்லை. கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கவேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்குகிறார்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸும் வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலைக்காரர்கள் சொல்லும் பாடம். வயதானவர்கள் அதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவசரம் கிடையாது.

அம்மாள் மங்குஸ்தான் பையைக் கைப்பிடியில் மாட்டுகிறாள். அது வளைவில் ஆடும் என்று அவர் சொல்கிறார். ஆடினால் ஆடட்டும் என்கிறாள். பிறகு தானே அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். வண்டி முதல் வளைவில் திரும்பி மரங்களுக்குள் மறைகிறது.

யாரிடமோ வரவேண்டிய பணம் வராமலே போகலாம். சர்க்காரிடமிருந்து வரவேண்டியது தாமதமாக வரலாம். வீட்டில் இருக்கிறவளுக்குத் தரவேண்டிய நாட்களை மட்டும் தவணை சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. பர்லியார் வளைவில் நாள்தோறும் நடக்கிற வசூல் அதுதான்.